ஈறு ஆறினா திரும்ப வளந்துடுச்சுன்னு அர்த்தமா? – கடிதம்

சார், ஈறுல ரத்தம் வந்துட்டே இருந்துச்சுன்னு டீப் கிளீனிங் பண்ணிக்கிட்டேன். இப்போ ரத்தம் நின்னுடுச்சு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுந்திருந்த இடுக்கு, அதான் பாக்கெட், அதோட ஆழமும் கொறஞ்சிருக்கு. ஆனா டாக்டர், "ஆறிடுச்சு, போனது திரும்ப வரல"ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையா? கொலாஜன் பவுடர் குடிச்சா வந்துடுமா?

– ஒரு வாசகி

வணக்கம்மா,

டாக்டர் சரியாத்தான் சொல்லிருக்காங்க. ரெண்டும் வேற வேற.

பல்லு எலும்போட நேரா ஒட்டிக்கிட்டு இல்லம்மா. நடுவுல சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி, அது பூரா கொலாஜன்ங்கிற புரதத்தால ஆன நார். ஒரு முனை வேர் மேல பூச்சு மாதிரி இருக்கிற சிமெண்டம்ங்கிற கெட்டியான படலத்துக்குள்ள பொதஞ்சிருக்கும், இன்னொரு முனை எலும்புக்குள்ள. பொதஞ்ச அந்த முனைகளுக்கு ஷார்ப்பி நார்னு பேரு. பல்ல மெல்லிசா சீவி செஞ்ச ஸ்லைடை மைக்ரோஸ்கோப்புல போலரைஸ்டு வெளிச்சத்துல (ஒரே திசையில அதிரும்படி வடிகட்டின வெளிச்சம்) வச்சு பாத்தா நார் எல்லாம் பளிச்சுன்னு தெரியும், வேரோட விளிம்புல நின்னுடாம உள்ள போயிட்டே இருக்கும், எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஈறு நோய் வந்தா இந்த நார்தான் அறுபடுது. கிருமியோட சண்டை போட வர்ற நம்ம வெள்ளை அணுக்கள் விடுற கொலாஜனேஸ் நொதியே நிறைய நாரை வெட்டிடுது. கிளீன் பண்ணினதும் சண்டை அடங்குது, வீக்கம் வத்துது, ஈறு இறுகுது, பாக்கெட்டும் கொறையுது. ஆனா காயத்துல மத்த செல்ல விட வேகமா ஓடி வர்றது ஈறோட மேல்தோல் செல்தான், அது வேர் ஓரமாவே கீழ எறங்கி இடத்த புடிச்சிக்கும். அப்புறம் உருவாகிற புது நாரும் கொலாஜன்தான், ஆனா வேருக்குள்ள பொதையாம வேருக்கு இணையா படுத்துக் கிடக்கும். சரக்கு அதேதான், கட்டுதான் இல்ல.

எந்த செல் மொதல்ல வேரத் தொடுதோ அதுதான் எப்படி ஆறும்னு முடிவு பண்ணுதுன்னு 1976-ல மெல்ச்சர்ங்கிற ஆராய்ச்சியாளர் எழுதினாரு. 1982-ல நைமன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு அந்தக் கருத்த வச்சு ஒரு மனுஷப் பல்லுல ஈறுக்கும் வேருக்கும் நடுவுல தடுப்பு வச்சு, மேல்தோல வரவிடாம, நார் இருக்கிற பக்கத்து செல்லுக்கு வழி விட்டாங்க, புது சிமெண்டமும் அதுல பொதஞ்ச நாரும் வந்துச்சு. இன்னைக்கு அந்தத் தடுப்பையே தானா கரையிற கொலாஜன்ல செய்றாங்க. ஆனா குறுகலா ஆழமா எலும்பு கரைஞ்ச இடத்துலதான் இது நல்லா எடுபடும், மட்டமா தேஞ்ச எலும்புக்கு பெரிசா உதவாது.

பவுடர் விஷயம். வயித்துக்குள்ள போனதும் அது அமினோ அமிலமாவும் சின்னச் சின்ன துண்டாவும் உடைஞ்சிடும், உங்க வேருக்குன்னு அது போய்ச் சேராது. நாரை நெய்றது அங்கயே இருக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல், அதுக்கு விட்டமின் சி கண்டிப்பா வேணும், அது இல்லாம ஸ்கர்வி வந்தவங்களுக்கு பல்லே ஆடும். ஆனா உங்களுக்கு அந்தக் குறை இல்லன்னா கூடுதலா சாப்பிட்டு புது நார் பொதைய வைக்க முடியாது.

பயந்துடாதீங்க, இப்போ ஆறியிருக்கிற விதமே சுத்தமா வச்சிருந்தா பல வருஷம் நிக்கும். தினமும் பல்லிடுக்க சுத்தம் பண்ணுங்க, 3 மாசத்துக்கு ஒரு தடவ போய் காட்டுங்க, புகை பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. அடுத்த தடவ எக்ஸ்ரேய காட்டி, குறுகலான ஆழமான குழி எங்கயாவது இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, இருந்தா எந்தப் பல்லுலன்னு எனக்கும் எழுதுங்க.