டீச்சரிடம் கேளுங்கள்: எட்டுப் பாடவேளையில் எத்தனை நடந்தது?

போன மாதம் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, பையை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டன. சரி, இந்த முறை முழுக்க நேரம்தான்.

என் மகள் கொழும்பில் ஓர் அரச பாடசாலையில் தரம் 8 படிக்கிறாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் "இண்டைக்கு மூண்டு பாடம் ஃப்ரீ அம்மா" என்கிறாள். கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணா, அங்கே ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு இத்தனை நிமிடம் படிப்பிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்கிறார். நமக்கு அப்படி ஒன்றும் இல்லையா, டீச்சர்?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

உங்கள் அண்ணா சொல்வது உண்மைதான், தங்கச்சி. கலிபோர்னியாவின் அரச பாடசாலைகளில் பாலர் வகுப்புக்கு வருடத்துக்கு 36,000 நிமிடம், தரம் 1 முதல் 3 வரை 50,400, 4 முதல் 8 வரை 54,000, 9 முதல் 12 வரை 64,800 என்று சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வழக்கமான வருடம் 180 நாள். நான் கணக்கு டீச்சர், எண்ணைக் கண்டால் வகுக்காமல் இருக்க முடியாது. 54,000ஐ 180ஆல் வகுத்தால் நாளுக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணித்தியாலம்.

இப்போது நம்முடையதைப் பாருங்கள். காலை 7.30 முதல் 1.30 வரை 360 நிமிடம். காலைக் கூட்டம், வரவு இடாப்பு என்று 20 போனால், இடைவேளைக்கு இன்னொரு 20. மிச்சம் 320. நாங்கள் பழகிய கணக்கில் நாற்பது நிமிடப் பாடவேளை எட்டு. வருடத்தில் 200 நாள் பாடசாலை நடந்தது என்று வைத்துக்கொண்டால் 64,000 நிமிடம். ஆக, தாளில் பார்த்தால் உங்கள் மகள் கலிபோர்னியாவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைவிட 10,000 நிமிடம் கூடப் படிக்கிறாள். சிரிக்காதீர்கள், கணக்கு சரிதான்.

பிழை எங்கே என்றால், அங்கே ஒரு நிமிடத்தை நிமிடமாக எண்ணுவதற்கு நிபந்தனை இருக்கிறது. தகுதிச் சான்றிதழ் உள்ள ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் பிள்ளை இருக்க வேண்டும். பகல் சாப்பாட்டு நேரம் சேராது. வருட முடிவில் கணக்காய்வாளர் வந்து மணி அடிக்கும் அட்டவணையை எடுத்துப் பார்ப்பார். குறைந்தால் அந்தக் கல்வி மாவட்டத்துக்கு வரும் அரசுப் பணத்தில் வெட்டு விழும். பணத்தில் கை வைத்தால் எந்த ஊரிலும் மணி நேரத்துக்கு அடிக்கும்.

நம் நாட்டில் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி இருக்கிறது. 1997இல் வந்தபோது 5 முதல் 14 வயது வரை, 2016இல் அதை 16 வயது வரை நீட்டினார்கள். ஆனால் அது கட்டிப்போடுவது பெற்றோரை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது உங்கள் கடமை. அனுப்பிய பிறகு உள்ளே எத்தனை பாடவேளை நடந்தது என்று அது கேட்காது. எண்ணே இல்லை என்றும் சொல்ல முடியாது. மஹரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால், ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை பாடவேளை என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். எண் இருக்கிறது. எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எண்ணிப் பார்த்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். நான் படிப்பித்த பாடசாலையில் பதினொரு வருடம் நேரசூசி போட்டது நான். ஒரு வருடம் முதலாம் தவணையில் என்னுடைய தரம் 9 வகுப்பின் கணிதப் பாடத்தை மட்டும் சின்னக் கொப்பி ஒன்றில் குறித்தேன். பதின்மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து பாடவேளை, மொத்தம் 65. நான் உண்மையில் படிப்பித்தது 41. மிச்சம் 24 எங்கே போனது? இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கு 9. இடைவேளை முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில். போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் மற்ற விடுமுறைகளும் 5. கூட்டங்கள் 4. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் எடுத்த லீவு 3. மிஞ்சிய கடைசி மூன்றைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த நேரம் நான் பாடசாலையில்தான் இருந்தேன். வராத மற்ற ஆசிரியர்களுக்குப் பதிலாக யாரை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று அலுவலகத்தில் இருந்து ரிலீஃப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். என்னுடைய வகுப்புக்கு ஆள் போட மறந்துபோனேன்.

அந்தத் தவணை முடிவில் யாரும் என்னிடம் 41ஐப் பற்றிக் கேட்கவில்லை. "சிலபஸ் முடிச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். முடித்திருந்தேன். கடைசி இரண்டு அலகையும் இரண்டே நாளில் ஓடி முடித்தேன். பிள்ளைகளுக்கு ஏதாவது விளங்கியதா என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கும்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதில் இருந்து, 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வகுப்பு நடந்த காலம் வரை இதே கேள்விதான். 2022ஆம் வருடத்துச் சாதாரண தரப் பரீட்சையை 2023 மே மாதக் கடைசியில்தான் தொடங்கினார்கள். பரீட்சையைப் பின்னுக்குத் தள்ளலாம். பறிபோன பாடவேளையை யார் திருப்பித் தந்தார்?

நீங்கள் செய்யக்கூடியது இது. மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் பாடவேளைக்கு ஒரு கட்டம். பாடம் நடந்தால் சரி அடையாளம், வேறு ஆசிரியர் வந்து சும்மா இருந்தால் வட்டம், யாருமே வராவிட்டால் புள்ளடி. ஆசிரியர்களின் பெயரை எழுத வேண்டாம், பாடத்தின் பெயர் போதும். மூன்று வாரம் குறித்த பிறகு வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள், பிறகு பகுதித் தலைவர், பிறகு அதிபர். கோபமாகப் போகாதீர்கள். "விஞ்ஞானத்துக்கு இத்தனை புள்ளடி இருக்கு, ஆசிரியர் வெற்றிடமா, லீவா?" என்று கேளுங்கள். வெற்றிடம் என்றால் அது அதிபரின் கையிலும் இல்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் போக வேண்டும். "பாடம் நடக்கிறதில்ல" என்று வாயால் சொல்லும் முறைப்பாடு அங்கே மேசையைத் தாண்டாது. கட்டம் போட்ட தாள் தாண்டும்.

பாடசாலையை 2 மணி வரை நீட்டுவது பற்றி 2025இல் பேச்சு வந்ததே, உங்கள் அபிப்பிராயம் என்ன?
– ஒரு தகப்பன், வெள்ளவத்தை

பாடவேளையை 50 நிமிடமாக்கி, ஒரு நாளைக்கு ஏழு வைப்பதுதான் அந்த யோசனை. ஏழை ஐம்பதால் பெருக்கினால் 350. மேலே சொன்ன 320ஐ விட அரை மணித்தியாலம் கூட. நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் அமைதியாகி, கொப்பி எடுத்து, பலகையை அழித்து முடிக்கவே ஏழெட்டு நிமிடம் போய்விடும். அதனால் நீண்ட பாடவேளை எனக்குப் பிடிக்கும். விஞ்ஞான ஆய்வுகூட வேலைக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஆனால் மட்டக்குளியில் இருந்து காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்கூல் வேனில் ஏறும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இடைவேளையில் இரண்டு பணிஸ் சாப்பிட்ட வயிறு 1 மணிக்கே சுருண்டுவிடும். கடைசிப் பாடவேளையில் கணிதம் எடுத்தவர்களுக்குத் தெரியும், எதிரில் இருப்பது மாணவர்கள் இல்லை, பசி. நீட்டுவதென்றால் சாப்பாட்டையும் பஸ்ஸையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்கு முன்னால், ஏற்கெனவே தருவதாகச் சொன்ன 320 நிமிடத்தை முழுசாகத் தரட்டும். கிழிந்த பையில் இன்னும் அரிசி போட்டு என்ன பிரயோசனம்?

இந்தியாவில் எப்படி?
– வாசகர், தெஹிவளை

2009ஆம் வருடத்து இலவச, கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். அதே அட்டவணையில் ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று போட்டு, அதில் பாடத்துக்கு ஆயத்தமாகும் நேரமும் அடங்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே நடைமுறையில் எப்படியோ, அந்த ஒரு வரிக்காக எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நான் ஆயத்தமானது எல்லாம் இரவில், சமையலறை மேசையில், இலவசமாக.

உயர் தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். ஸ்கூலில் நேரம் வீண். 80 வீத வரவு மட்டும் இல்லாவிட்டால் முழு நாளும் டியூசனுக்கே போயிருப்பேன். இந்தச் சட்டம் எதற்கு?
– ஒரு மாணவன், பம்பலப்பிட்டி

மகன், உயர் தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பதை நீங்கள் எல்லோரும் தலைகீழாக வாசிக்கிறீர்கள். 200 நாளில் 40 நாள் லீவு கிடைத்திருக்கிறது என்று நினைத்து, ஓகஸ்ட் வருமுன்னமே அதைச் செலவழித்து முடிக்கிறீர்கள். இடாப்பில் பெயர் விழுவது காலையில். அதற்குப் பிறகு சுகமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்கு வெளியே போன பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். இடாப்பில் அவர்கள் முழு நாள் வந்தவர்கள்.

நேரம் வீண் என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அதில் உங்கள் பங்கும் உண்டு. முப்பத்தைந்து பேர் இருக்க வேண்டிய வகுப்பில் ஒன்பது பேர் இருந்தால் எந்த ஆசிரியருக்கும் புதுப் பாடம் தொடங்க மனம் வராது. "மற்றவங்க வரட்டும்" என்று விட்டுவிடுவார். வந்த ஒன்பது பேருக்கும் அன்றைய நாள் வீண், அதனால் அடுத்த நாள் ஆறு பேர்தான் வருவார்கள். டியூசன் மண்டபத்தில் முந்நூறு பேரோடு இருக்கும்போது கையை உயர்த்திக் கேட்க முடியாத கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் கொண்டு போங்கள். இரண்டு கிழமை செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போதும் வீண் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

விளையாட்டுப் போட்டி, வாணி விழா, ஒளி விழா, ஆசிரியர் தினம், தமிழ்த் தினப் போட்டி... இவற்றை நிறுத்தினால் எவ்வளவு நேரம் மிஞ்சும்!
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தெமட்டகொடை

ஐயா, நிறுத்தச் சொல்ல மாட்டேன். கணக்கில் 30 புள்ளி தாண்டாத ஒரு பிள்ளை வாணி விழாவில் கோலம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். சமச்சீரும் சுழற்சியும் அவளுக்கு விளங்கவில்லை என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். விழா ஒரு நாள்தான். நேரத்தைத் தின்பது அதற்கு முந்திய மூன்று வாரம். பயிற்சியைக் கடைசி இரண்டு பாடவேளைக்குள் அடக்கி, எந்தப் பாடம் பறிபோகிறது என்று வாரத்துக்கு வாரம் மாற்றிவிட்டால் சரி. எங்கள் பாடசாலையில் எப்போதும் கணிதமும் சங்கீதமும்தான் பலி. சங்கீத டீச்சரும் நானும் அதனாலேயே நல்ல சிநேகிதிகள் ஆனோம்.

மகன் 7.35க்குப் போனால் கேட்டை மூடி, முதல் பாடவேளை முடியும் வரை வெளியே நிறுத்துகிறார்கள். கேட்கலாமா?
– ஒரு தாய், கிராண்ட்பாஸ்

கேளுங்கள். ஐந்து நிமிடம் பிந்தியவனிடம் நாற்பது நிமிடத்தைப் பிடுங்குகிறார்கள். பிந்தி வருவோர் புத்தகத்தில் பெயரை எழுதி உள்ளே அனுப்பட்டும், மூன்று தரம் நடந்தால் உங்களைக் கூப்பிடட்டும் என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். மகனையும் இப்போது ஏறும் பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.