டைம்லைனில் ஏற்றும் முன்: டாவின்சி ரிசால்வ் (வீடியோ எடிட்டிங் மென்பொருள்) கேள்வி-பதில்

கேள்வி: டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) கிளிப்பைச் சேர்த்தால் பின்னால் இருப்பதையெல்லாம் தள்ளிவிடுகிறது.

நீங்கள் அழுத்துவது எஃப்9, அதாவது இன்சர்ட். இருப்பதன் மேல் பதிய எஃப்10. மேல் டிராக்கில் தனியாக வைக்க எஃப்12. பல லேப்டாப்புகளில் கூடவே எஃப்என் விசையையும் பிடியுங்கள்.

கேள்வி: பிளேஹெட்டை (ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) வைத்த இடத்தில் விழாமல் கிளிப் வேறெங்கோ போய் விழுகிறது.

டைம்லைனில் பழைய இன் (தொடக்கம்) அல்லது அவுட் (முடிவு) குறி அழிபடாமல் கிடக்கிறது. அது இருந்தால் பிளேஹெட்டை ரிசால்வ் கண்டுகொள்ளாது. டைம்லைனைக் கிளிக் செய்து ஆல்ட்+எக்ஸ் (மேக்கில் ஆப்ஷன்+எக்ஸ்).

கேள்வி: வீடியோ மட்டும் ஏறுகிறது, ஒலி வரவில்லை.

டைம்லைனின் இடது ஓரத்தில் ஏ1 எழுத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கட்டம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைக் கிளிக் செய்துவிட்டு மறுபடி சேருங்கள்.

கேள்வி: பிரிவ்யூ திக்கித் திக்கி ஓடுகிறது. என்ன செய்ய?

என்ன கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), என்ன கணினி என்று எழுதாமல் அனுப்பினால் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். 4கே எச்.265 ஆக இருக்கலாம். அதில் ஒரு ஃபிரேமைக் காட்டவே பக்கத்து ஃபிரேம்களையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பிராசஸர் திணறுகிறது. பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிராக்ஸி ரெசொல்யூஷனை (புதிய பதிப்புகளில் டைம்லைன் பிளேபேக் ரெசொல்யூஷன்) பாதியாக்குங்கள். போதவில்லையென்றால் மீடியா பூலில் (இம்போர்ட் செய்த ஃபைல்கள் இருக்கும் இடம்) கிளிப்புகளை வலது கிளிக் செய்து பிராக்ஸி (இலகுவான நகல்) உருவாக்குங்கள். பிரிவ்யூ திக்குவதால் எக்ஸ்போர்ட் கெடாது.

கேள்வி: 40 கிளிப்புகளையும் வரிசையாக இழுத்துப் போட்டுவிட்டேன். கிராஸ் டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெரிவது) வைத்தால் 'டிரிம்' செய்யவா என்று கேட்கிறது.

கேட்கத்தான் செய்யும். முழு ஃபைலையும் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை போட்டிருக்கிறீர்கள். ஒரு நொடி டிசால்வுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் அரை நொடி, 25 ஃபிரேம் கணக்கில் 12, 13 ஃபிரேம் உபரி வேண்டும். அந்த உபரிதான் ஹேண்டில். உங்களிடம் அது இல்லை. டிரிம் கொடுத்தால் கிளிப் சுருங்கும், பாட்டோடு பொருத்திய வெட்டுகள் நகர்ந்துவிடும்.

பார்க்காமலே கொட்டிவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது! டைம்லைன் குப்பை பொறுக்கும் இடம் இல்லை. மீடியா பூலில் கிளிப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள், சோர்ஸ் வியூவரில் திறக்கும். எல் விசை ஓட்டும், இருமுறை தட்டினால் இரட்டை வேகம். ஜே பின்னோக்கி, கே நிறுத்தம். கே-யைப் பிடித்தபடி எல் அழுத்தினால் மெதுவாக நகரும், உதட்டசைவைப் பிடிக்க அதுதான் வழி. வேண்டிய இடத்தில் ஐ, முடிவில் ஓ, பிறகு எஃப்9 அல்லது எஃப்10. குறி வைக்கும்போது முன்னும் பின்னும் ஒரு நொடியாவது ஃபைலில் மிச்சம் விடுங்கள். படம் பிடிப்பவரிடமும் சொல்லுங்கள்: ஆக்‌ஷனுக்கு 3 நொடி முன்பே ரெக்கார்டை ஓடவிட வேண்டும். தேர்வும் நிராகரிப்பும் வியூவரிலேயே நடந்துவிட்டால் 3 மணி நேர ஃபுட்டேஜில் 20 நிமிடம்தான் டைம்லைனுக்கு வரும்.

கேள்வி: பிராஜெக்ட் நொடிக்கு 24 ஃபிரேமில் இருக்கிறது, 25 ஆக மாற்ற முடியவில்லை.

மீடியாவைச் சேர்த்த பிறகு பிராஜெக்டின் ஃபிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். புது டைம்லைனை 25-இல் தனி அமைப்போடு உருவாக்கலாம். அடுத்த முறை முதல் கிளிப்பை இழுக்கும் முன்பே அதைத் தீர்மானியுங்கள்.

கேள்வி: மொபைலில் எடுத்தது, போகப்போக உதடும் குரலும் விலகுகின்றன.

வேரியபிள் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் (வீடியோ மாற்றும் மென்பொருள்) கான்ஸ்டன்ட் ஆக்கி, மாற்றிய ஃபைலை மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். வெட்டி முடித்தபின் மாற்றினால் குறிகள் எல்லாம் விலகும். அந்த ஃபைலிலும் ஹேண்டில் விட்டே குறி வையுங்கள்.