கறுப்புத் தலை, குட்டை முடி: வந்தது வெள்ளாடா, செம்மறியா?

கேள்வி: மாரியம்மன் பூசைக்கு வெள்ளாட்டுக் கிடா வேண்டுமென்று முன்பணம் கொடுத்திருந்தோம். வந்தது வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, குட்டை முடி. கம்பளி இல்லை, வால் ஒட்ட நறுக்கியிருக்கிறது. கேட்டால், "இதுவும் ஆடுதானே" என்கிறார் விற்றவர். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் வாசகர்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் சொல்கிற அடையாளங்கள் டோர்ப்பர் செம்மறிக்கு உரியவை. 1930-களில் தென்னாப்பிரிக்காவிலேயே டார்செட் ஹார்ன் கிடாவையும் கறுப்புத்தலைப் பெர்சியன் பெட்டையையும் சேர்த்து உருவாக்கிய இனம் அது. முளைக்கிற கொஞ்சம் கம்பளியும் தானாக உதிர்ந்துவிடும். மேச்சேரி ஆட்டைத் தெரிந்தவர்களுக்குக் கம்பளியில்லாச் செம்மறி புதிதல்ல. இங்கே போயர் வெள்ளாட்டுக்கும் வெள்ளை உடம்பு, நிறத் தலை என்பதால்தான் குழப்பம். ஆனால் போயரின் தலை செம்பழுப்பு. காது தொங்கும், மூக்கு வளைந்திருக்கும்.

நறுக்கிய வாலே நல்ல துப்பு. சாணம் ஒட்டி ஈப்புழு வைக்காமலிருக்கச் செம்மறிக் குட்டிக்குத்தான் வாலை நறுக்குவார்கள். வெள்ளாட்டு வால் குட்டையாக, அடிப்பக்கம் முடியில்லாமல், மேல்நோக்கி நிற்கும். நோய்ப்பட்டால் அதுவும் தொங்கும் என்பதால் முகத்தையும் தடவிப் பாருங்கள். கண்ணின் உள்முனைக்குக் கீழே விரல் நுனி படிகிற சின்னக் குழி, மேலுதட்டின் நடுவே ஆழமான கோடு: இரண்டும் இருந்தால் செம்மறி. பருவத்துக்கு வந்த வெள்ளாட்டுக் கிடா என்றால் பத்தடி தள்ளி நின்றாலே வீச்சம் சொல்லிவிடும்.

தொழிலாக விற்பவர் என்றால், சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தாமதிக்காமல் எழுத்தில் கேளுங்கள். ரசீதில் வெறும் 'ஆடு' என்றிருந்தால் அவர் பக்கமும் வாதம் உண்டு, அந்தச் சொல் இரண்டுக்கும் பொதுவாயிற்றே! அடுத்த முறை 'வெள்ளாடு, கிடா, இத்தனை பல்' என்று எழுதி வாங்குங்கள். முன்வரிசையில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஏறக்குறைய ஒன்றரை.

திருப்பி அனுப்பும்வரை அதற்கு வெள்ளாட்டுத் தீவனம் வைக்காதீர்கள். அதில் சேர்க்கிற தாமிரம் செம்மறிக்கு ஈரலில் தங்கி நஞ்சாகும்.

கேள்வி: கடையில் 'மட்டன்' கொத்துக்கறி வாங்குகிறோம். எந்த ஆட்டின் கறி என்று எப்படித் தெரியும்? (டர்பன் நகரின் ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: இந்தியாவில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு, இந்த நாட்டில் செம்மறி. கொத்தியபின் கண்ணால் பிரிக்க முடியாது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பதப்படுத்திய இறைச்சி மாதிரிகள் 139-இல் 95-இல் லேபிளில் சொல்லாத சரக்கு கலந்திருந்தது. முழுத் தொடையாகப் பார்த்து வாங்கி, எதிரிலேயே கொத்தச் சொல்லுங்கள். மேலே கெட்டியான வெள்ளைக் கொழுப்பு போர்த்தியிருந்தால் செம்மறி. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றித்தான்.