ஈபிஎஃப் காசுக்காக வேலையை விடாதீர்கள்

தங்கச்சி, கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் பத்து வருசம் தைத்த காசு, நாடு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) இடம் வாங்கிய கடனால் போய்விடுமாம், வேலையை விட்டுவிட்டு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விட்டாலும், திருமணம் போன்ற சில காரணங்கள் தவிர, பெண்களுக்கு 50 வயதுக்கு முன் முழுக் காசும் கைக்கு வராது.

அந்தக் கடனையொட்டி 2023இல் அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடன்களை மறுசீரமைத்தது. அதில், ஈபிஎஃப்பிடம் இருந்த திறைசேரி முறிகளை (அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களை) நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். அந்த முறிகளுக்கு வட்டி 2025 வரை 12 வீதம், அதன்பின் 9. நீங்கள் சேமித்த முதல் தொகையைக் குறைக்கவில்லை. ஆனால் வங்கிகளின் முறிகளை விட்டுவிட்டு, தையல் மெஷினில் முதுகு வளைந்தவர்களின் சேமிப்பில் கை வைத்தது அநியாயம்தான். அதற்கு முன்பே, 2022இல் ஏறிய விலைவாசி அந்தக் காசின் பெறுமதியைத் தின்றுவிட்டது.

அவசரத் தேவையா? பத்து வருசம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாயாவது இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை வேலையை விடாமலே எடுக்கலாம்.

அப்புறம், சம்பளச் சீட்டையும் ஈபிஎஃப் கணக்குக் கூற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் மாதாமாதம் ஏறியிருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை சீட்டில் பிடித்திருந்தார்கள், கணக்கில் ஆறு மாதம் வெறுமை. தொழில் திணைக்களத்தில் முறையிட்ட பிறகுதான் கட்டினார்கள்.