ஏற்காட்டில் பூத்துக் குலுங்கிய நாற்று சேலத்தில் ஏன் கருகியது?

கேள்வி: பங்குனியில் ஏற்காடு போனபோது பெட்டுனியா, சால்வியா, பான்சி நாற்றுகள் வாங்கிவந்து கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்புறம் வைத்தேன். சித்திரை பாதிக்குள் எல்லாம் கருகிவிட்டன. விதை வாங்கிப் போட்டால் முளைக்கிறது, நான்கு இலை வருவதற்குள் தண்டு நூலாக இளைத்துச் சாய்ந்துவிடுகிறது. செண்டுமல்லி மட்டும் இடுப்பு உயரம் வளர்ந்தது, பூத்தது நாலைந்து பூதான். வாரம் தவறாமல் கடலைப் பிண்ணாக்கு கரைத்து ஊற்றுகிறேன். 20 அடிக்கு 6 அடி இடம், போர்வெல் தண்ணீர். வருடம் முழுக்கப் பூ இருக்க வழி உண்டா? ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவும் பூச்செடி போட நினைக்கிறார். அவருக்கும் இதே முறைதானா?
— வாசகி, கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: நாற்றில் குறையில்லை, உங்கள் கவனிப்பிலும் இல்லை. வாங்கி வந்த மாதம்தான் தப்பு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 முதல் 7 டிகிரி குறையும். உங்கள் வீட்டிலிருந்து மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினாலே வேறு பருவத்துக்குள் போய்விடுகிறீர்கள். பங்குனியில் அங்கே பூத்து நிற்கும் செடி, 40 டிகிரியைத் தொடும் சேலத்துச் சித்திரையில் பிழைக்காது. அதிலும் பான்சி குளிருக்கே பிறந்த செடி. சமவெளியில் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை கொடுத்து முடிந்துபோகும் இந்தச் செடிகளுக்குத் தவறிய பருவத்தை ஈடுகட்ட அடுத்த வருடம் கிடையாது. ரோஜாவும் மல்லியும் ஒரு கோடையைத் தாக்குப்பிடித்து மறுபடி துளிர்க்கும், இவை துளிர்க்காது. ஆகவே எந்தச் செடி வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், எந்த மாதத்தில் பூ வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும்.

சேலத்துக்குக் கணக்கு இப்படி வரும். பெட்டுனியா, சால்வியா, டயாந்தஸ், ஃப்ளாக்ஸ் மார்கழி முதல் மாசி வரை பூக்க வேண்டியவை. புரட்டாசிக் கடைசியில் மழை படாத தாழ்வாரத்தில் விதைத்து, மழை ஓயும் கார்த்திகையில் நடுங்கள். பெட்டுனியா விதைத்ததிலிருந்து பூக்க 10 முதல் 12 வாரம் எடுக்கும். கோடைக்கு வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா, ஆரஞ்சு காஸ்மாஸ் ஆகியவற்றை மாசி முதல் வாரத்தில் விதையுங்கள். டேபிள் ரோஸுக்கு விதைகூடத் தேவையில்லை. விரல் நீளத் தண்டை ஒடித்து நட்டால் போதும், சேலத்து வெயிலை அது விரும்பும். ஆனியில் காசித்தும்பை விதைத்தால் ஆவணியில் பூக்கும். செண்டுமல்லியைப் பண்டிகை பார்த்துப் போடுங்கள்: ஆயுத பூஜைக்கு ஆனிக் கடைசியில் விதை, பொங்கலுக்குப் புரட்டாசிக் கடைசி வாரம். நாற்றுக்கு 30 நாள், நட்டபின் 60 நாள் என்பது உயர ரகத்தின் கணக்கு. 120 சதுர அடியையும் ஒரே நாளில் நிரப்பாமல் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதி பூக்கும்போதே அடுத்த பகுதிக்கு நாற்று தயாராக இருந்தால் வாசலில் பூ இல்லாத மாதம் இருக்காது.

அடுத்து, நாற்று சாய்வது. இதுதான் வீட்டுத் தோட்டக்காரர்களை அதிகம் சோர்வடைய வைக்கும் நோய், பெயர் நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்ணில் வாழும் பூஞ்சைகள் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நுழைகின்றன. சாய்ந்த நாற்று ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கும், மண்மட்டத்தில் அரை சென்டிமீட்டர் மட்டும் நீர் கோத்துப் பழுப்பாகி, தையல் நூல் பருமனுக்குச் சுருங்கியிருக்கும். மேலே வாட்டம் தெரியும்போது அடியில் வேலை முடிந்திருக்கும், அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. பக்கத்து நாற்றைக் காப்பாற்றலாம்.

இந்தப் பூஞ்சைகளுக்கு வழி திறந்துவிடுவது நெருக்கமான விதைப்பு, சரியாக மக்காத சாணம், ஓயாத ஈரம், காற்றோட்டமின்மை. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி விதைக்காதீர்கள். மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து, அதன்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி வடியவிட்டு ஆறவையுங்கள். நன்றாக ஆறியபின் கிலோவுக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, லேசான ஈரத்தில் ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துவிட்டு விதைக்கலாம். சூடாக இருக்கும்போது கலந்தால் அந்த நன்மை செய்யும் பூஞ்சையும் செத்துவிடும். விதைக்கும் அதையே பூசலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை, வீட்டு அளவில் ஒரு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

செண்டுமல்லி, காசித்தும்பை விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மூடுங்கள், ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஜினியா பிடுங்கி நடுவதைச் சகிக்காது, பாத்தியிலேயே நேரடியாகப் போடுங்கள். பெட்டுனியா வேறு ஜாதி. கிராமுக்குப் பல ஆயிரம் விதை இருக்கும் தூள் அது, முளைக்க வெளிச்சமும் வேண்டும், ஆகவே மண் போட்டு மூடினால் வராது. இரண்டு கரண்டி காய்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினால் போதும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். விதைத்த தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து, மேல்பரப்பு கறுத்து ஈரம் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு வெளிச்சமான நிழலில் வைத்தால் 7 முதல் 12 நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பாதி முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். இன்னும் நாலு முளைக்கட்டும் என்று விட்டுவைத்த மூடிதான் பல வீடுகளில் மொத்தத் தட்டையும் அழுகவிடுகிறது.

முளைத்தபின் காலை 9 மணிக்குள் தண்ணீர், மாலையில் வேண்டாம். ராத்திரி மண்ணின் மேல்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு சாய ஆரம்பித்தால் அவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி கலந்து மீதி நாற்றுகளின் வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். அதை ஊற்றியபின் 15 நாளைக்கு டிரைக்கோடெர்மா இட வேண்டாம், இரண்டும் சேராது.

நாற்றை ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, சாயங்காலத்தில் நடுங்கள். செண்டுமல்லி நாற்று நெட்டையாக இருந்தால் விதையிலை வரை புதைக்கலாம், தண்டிலும் வேர் விடும். பெட்டுனியாவை அப்படிப் புதைக்கக் கூடாது. உங்கள் பாத்தி ஏறக்குறைய 11 சதுர மீட்டர் வரும். அதற்கு நன்றாக மக்கிய தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ போட்டு ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். பச்சைச் சாணம் போட்டால் வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுவும் கூடவே வரும்.

செண்டுமல்லி பூக்காததற்குக் காரணம் நீங்கள் அன்போடு ஊற்றிய கடலைப் பிண்ணாக்குதான். அதில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம் இருக்கிறது. வாரா வாரம் அது கிடைத்தால் செடி இலையும் தண்டுமாகப் போடும், மொட்டு வைக்க அவசரப்படாது. நட்ட 15 மற்றும் 30ஆம் நாட்களில் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். மொட்டு தெரிந்தபின் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) உரத்தை லிட்டருக்கு 3 கிராம் கலந்து 10 நாளுக்கு ஒருமுறை மாலையில் தெளித்தால் போதும். பக்கத்தில் மரம், மதில் நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். 6 மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் எந்த உரமும் பூவைக் கொண்டுவராது.

இன்னொன்று நுனி கிள்ளுவது. உயர ரகச் செண்டுமல்லியை நட்ட 30ஆம் நாளில், உச்சியில் இரண்டு அங்குலத்தைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். ஒற்றைத் தண்டு ஏழெட்டுக் கிளையாகும், பூவும் அதற்கேற்பக் கூடும், ஆடிக் காற்றில் சாய்வதும் குறையும். பெட்டுனியாவை ஒரு விரல் நீளம் வளர்ந்ததும் கிள்ளலாம். கோழிக்கொண்டையையும் காசித்தும்பையையும் தொடாதீர்கள். கொண்டையின் அழகு நடுத்தண்டில்தான் இருக்கிறது.

பூத்தபின் செய்ய வேண்டியதில் பலர் தவறுவது வாடிய பூவை எடுப்பதில். விதை முற்றிவிட்டால் செடிக்கு வேலை முடிந்தது, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பெட்டுனியாவில் ஒட்டும் இதழை மட்டும் இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும். அடியில் ஐந்து பச்சை விரல்களுக்கு நடுவே கூம்பாக ஒரு காய் தங்கிவிடும், அதுதான் விதை. காம்போடு சேர்த்துக் கிள்ளினால்தான் பயன். செண்டுமல்லி, ஜினியாவுக்கும் இதே விதிதான். விதைக்கு வேண்டுமானால் கடைசி மாதத்தில் இரண்டு நல்ல செடியை விட்டுவையுங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதையும், பூமாலையிலிருந்து உதிர்த்த செண்டுமல்லி விதையும் தாய்ப்பூவைப் போல வராது, ஒற்றையடுக்காகப் போகலாம். காசித்தும்பை பெரும்பாலும் ஏமாற்றாது. காய் மஞ்சளாகி, தொட்டால் வெடிக்கும் நிலைக்குச் சற்று முன் பறித்துக் காகிதப் பையில் போடுங்கள்.

போர்வெல் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாளியிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது கடினத் தண்ணீர், மண்ணைக் காரமாக்கும். வீடு கட்டிய மிச்சச் சிமெண்டும் சுண்ணாம்பும் பாத்தியில் கிடந்தால் இன்னும் மோசம். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது. கொழுந்து இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். பெட்டுனியாவில் இது முதலில் தெரியும். லிட்டர் தண்ணீரில் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 3 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் இலைமேல் தெளியுங்கள். பூவிலும் தரையிலும் பட்டால் கறை விழும். அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் இந்த மண்ணுக்கு வேண்டாம், அவை காரத்தைக் கூட்டும். நாற்றங்காலுக்கு மழைநீர் பிடித்து வைத்தால் மிக நல்லது.

பூச்சி நோயில் மூன்றை மட்டும் கவனியுங்கள். கோடையில் செண்டுமல்லி மொட்டில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மறுநாள் மாலை லிட்டருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். பனிக்காலத்தில் ஜினியா இலையில் மாவு பூத்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். 32 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் நாளில் கந்தகம் இலையைச் சுடும். காசித்தும்பை ஒரே ராத்திரியில் மொட்டையானால் வால்பக்கம் கொம்புள்ள பருத்த புழுவைத் தேடுங்கள். கையால் எடுத்தாலே தீர்ந்தது.

உங்கள் அக்காவுக்கு வேறு கணக்கு. மே மாதக் கோடை விழா சமயத்தில் பூக்க வேண்டுமானால் தை, மாசியில் விதைத்தால் சரியாக வரும். பான்சி, பெட்டுனியா, சால்வியா, ஆஸ்டர் எல்லாமே அங்கே வெயில் காலத்திலும் நிற்கும். வாடாமல்லியும் டேபிள் ரோஸும் மார்கழிக் குளிரில் சுணங்கும். காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அந்த மண் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது, உங்கள் மண்ணுக்கு நேர் எதிர். மண் பரிசோதனை செய்து, தேவை என்றால் மட்டும் நடுவதற்கு மூன்று வாரம் முன் டோலமைட் சுண்ணாம்புத் தூள் இடட்டும். மழையும் மூடுபனியும் அதிகம் என்பதால் மேட்டுப்பாத்தி கட்டி, செடிக்குச் செடி உங்களைவிட ஒரு சாண் அதிக இடைவெளி விடச் சொல்லுங்கள். நெருங்கி நின்றால் அங்கே இலைப்புள்ளி நோய் வேகமாகப் பரவும்.