அலை ஏறும் நேரத்தில் போங்கள்

கேள்வி: அரிய கரைப்பறவைகளைப் பார்க்க முதல்முறையாக ஒரு குழுவோடு முகத்துவாரத்துக்குப் போகிறேன். படங்களில் எல்லாமே பழுப்பாக, ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் நேரம். கடல் ஓதம் இறங்கி நீர் வற்றிய வேளையில் பறவைகள் சேற்றுவெளி முழுக்கச் சிதறி எங்கோ தொலைவில் மேயும். நீர் உச்சத்தைத் தொட இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஏறும் தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிவரும். வெயில் முதுகில் படட்டும்.

நிறத்தை விடுங்கள், அலகையும் நடையையும் பாருங்கள். உப்புக்கொத்திக்குக் கட்டை அலகு, பெரிய கண். நாலடி ஓடும், நிற்கும், கொத்தும். உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். டெரெக் உள்ளானைப் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்: மேல்நோக்கி வளைந்த நீள அலகு, குட்டை மஞ்சள் கால், தலையைத் தாழ்த்தி நண்டைத் துரத்தும் அந்த ஓட்டம்! அழிவின் விளிம்பில் இருக்கும் கரண்டிமூக்கு உள்ளானுக்குப் பொறுமை வேண்டும். பக்கவாட்டில் அலகு சாதாரணமாகத்தான் தெரியும், நேருக்கு நேர் திரும்பினால்தான் கரண்டி புலப்படும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். படத்துக்காகப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை, எங்கும் இறங்காமல், 11 நாளில் சுமார் 13,560 கி.மீ. பறந்தது. அதற்கான கொழுப்பு சேற்றில் மேய்ந்துதான் சேர்கிறது. வீணாக ஒருமுறை பறக்க வைத்தாலும் அதில் குறையும். தலைகள் நிமிர ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.