பதவியே இல்லாத 23 வயது ரோமானியர் பொம்பேயுஸுக்குப் படை எங்கிருந்து வந்தது?

லீஜியன் என்பது ரோமின் படைப்பிரிவு. சுமார் 5,000 வீரர்கள். அதைத் திரட்டும் உரிமை பதவியில் இருப்பவருக்குத்தான். ஆனால் கி.மு. 83இல், உள்நாட்டுப் போருக்காக ரோமத் தளபதி சுல்லா இத்தாலியில் வந்திறங்கியதும், பொம்பேயுஸ் பிசேனம் பகுதியில் மூன்று லீஜியன்களைத் திரட்டி அவரோடு சேர்ந்துகொண்டார்.

எல்லாம் அப்பா சேர்த்து வைத்த செல்வாக்கு. முன்னாள் கான்சலான (ரோமின் உச்சப் பதவி) அவருக்கு அங்கே ஏகப்பட்ட நிலம், கடமைப்பட்ட குடும்பங்கள். பெரிய வீட்டுப் பிள்ளை தேர்தலில் நின்றால் அப்பாவிடம் உதவி பெற்றவர்கள் திரண்டு வருவார்களே, அதேதான். இவர்கள் வாளோடு வந்தார்கள்.

அப்புறம் சிசிலி, ஆப்பிரிக்கா என்று வெற்றிகள். வெற்றி ஊர்வலத்தில் தேருக்கு யானைகளைப் பூட்டப் பார்த்தார். நகர வாசல் குறுகலாக இருந்ததால் குதிரைகளுக்கே திரும்ப வேண்டியதாயிற்று!

'மாக்னுஸ்' (மாபெரும்) என்ற பட்டம் பிற்காலக் கிழக்கு வெற்றிகளால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆப்பிரிக்கப் போர் முடிந்த கையோடு, இருபதுகளிலேயே ஒட்டிக்கொண்டது.